வினையும் அதன் துணையும்

துபாய் நகரத்தின் கிழக்கு ஓரத்தில், ஷார்ஜாவின் எல்லை தொடங்குவதற்குச் சற்று முன்பாக அமைந்திருக்கும் அல் குசைஸ் பகுதியில், ஒரு புறம் குடும்பங்கள் வாழும் அடுக்குமாடிக் கட்டடங்களும் மறுபுறம் கிடங்குகளும் பட்டறைகளும் நிறைந்த தொழிற்பேட்டையுமாக, தமிழும் மலையாளமும் உருதுவும் வங்காளமும் தகாலோகும் அரபியும் அந்தி வேளையில் ஒரே நடைபாதையில் கலந்து கேட்கும் அந்த இடத்தில், நான் குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மன்னார்குடிப் பக்கத்து இளைஞன் ஒருவன் ஒரு கடிதத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். கிடங்கு ஒன்றில் ஸ்டோர்கீப்பராக ஜீவனம் நடத்துகிறவன் அவன். இருப்புக் கணக்கு எடுத்தபோது பன்னிரண்டு பெட்டிகள் குறைந்திருக்கக் கண்டு, அந்தக் குறைவைத் தேடிக் கண்டுபிடித்துக் கணக்கை நேர் செய்வது தன்னுடைய கடமை என்று மேலதிகாரிக்குத் தெரிவிக்க விரும்பி, ஆங்கிலத்தில் 'ஐ ஆம் ரெஸ்பான்சிபிள் ஃபார் தி ஷார்ட்டேஜ்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டான். மறுநாள் காலையில் அவனைக் கூப்பிட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்ட படியால் பெட்டிகளின் விலையைச் சம்பளத்தில் பிடிக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள்.

"அண்ணே, பொறுப்புன்னுதானே எழுதினேன்? நான்தான் எடுத்தேன்னு எழுதலையே" என்றான். அவன் குரலில் இருந்தது கோபம் என்பதைவிட, தான் நம்பிய ஒரு சொல் தன்னைக் கைவிட்டுவிட்டதே என்ற திகைப்பு என்றே சொல்ல வேண்டும்.

அவன் எழுதிய வாக்கியத்தில் எழுத்துப் பிழை இல்லை. எழுவாயும் பயனிலையும் முறையாகவே நின்றன. 'ஃபார்' என்னும் சிறு சொல்லுக்குப் பின்னால் எந்தப் பெயரை வைப்பது என்பதில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருந்தது. 'ரெஸ்பான்சிபிள் ஃபார்' என்பதற்குப் பின்னால் ஒரு வேலையை வைத்தால் அது கடமையைக் குறிக்கும். ஒரு நஷ்டத்தையோ விபத்தையோ வைத்தால் அதற்குக் காரணம் நானே என்னும் ஒப்புதலாகிவிடும். 'ஃபார்' போய் 'டு' வந்தாலோ, யாருக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதைக் காட்டும். 'இந்தக் குறைவுக்கு நான் பொறுப்பு', 'இந்தக் குறைவைக் கண்டுபிடிப்பது என் பொறுப்பு' என்று தமிழிலும் இந்த வேற்றுமை இல்லாமல் இல்லை. ஆனால் தமிழில் பேசும்போது நாம் தவறுவதில்லை. ஏனென்றால் அதை நாம் இலக்கணமாகக் கற்கவில்லை. தாயின் பேச்சோடு சேர்த்து வாங்கிக்கொண்டோம். இன்னொருவரின் பாஷையில் அதே நுட்பத்தைப் பிற்காலத்தில் பிரயாசைப்பட்டுச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் 'பிரிபொசிஷன்' என்றும், நம் பள்ளிக்கூடப் புத்தகங்களில் முன்னிடைச்சொல் என்றும் வழங்கும் இந்தச் சிறு சொற்கள் செய்கிற வேலையை, தமிழில் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் வேற்றுமை உருபுகளும், 'பற்றி', 'மேல்', 'உடன்', 'இருந்து' போன்ற சொல்லுருபுகளும் செய்கின்றன. அவை முன்னே நிற்க இவை பின்னே வருவது மட்டுமே வித்தியாசமாக இருந்தால், சிரமம் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். உண்மையான சிரமம், நாம் ஒன்றாக எண்ணுவதை ஆங்கிலம் மூன்றாகப் பிரித்து எண்ணுவதிலும், நாம் பிரிப்பதை அது ஒன்றாக்கிவிடுவதிலும் இருக்கிறது. 'அல் குசைஸில், தமாஸ்கஸ் தெருவில், இன்ன எண்ணுள்ள கட்டடத்தில் இருக்கிறேன்' என்று நான் தமிழில் விலாசம் சொல்லும்போது 'இல்' என்னும் ஒரே உருபு மூன்று முறை வந்து போதுமானதாக இருக்கிறது. ஆங்கிலமோ பகுதிக்கு 'இன்' என்றும், தெருவுக்கு 'ஆன்' என்றும், கதவிலக்கத்துக்கு 'அட்' என்றும் படிப்படியாக மாற்றுகிறது. சூழ்ந்து நிற்கும் இடம் ஒன்று, நீளவாட்டில் தொட்டுக்கொண்டு நிற்கும் கோடு ஒன்று, சுட்டிக் காட்டத்தக்க புள்ளி ஒன்று என்று அந்தப் பாஷை உலகத்தை மனத்தில் வரைந்துகொண்டிருக்கிறது. டாக்ஸிக்கு 'இன்' வருவதும், 2011 செப்டம்பர் முதல் குசைஸ் வழியாக ஓடும் மெட்ரோவுக்கும், பஸ்ஸுக்கும், ஓடையைக் கடக்கும் ஆப்ராப் படகுக்கும் 'ஆன்' வருவதும் இந்தச் சித்திரத்தையே சார்ந்தவை. உட்கார்ந்து அடைபட்டுச் செல்லும் வாகனம் வேறு, ஏறி நின்று நடமாடத்தக்க வாகனம் வேறு.

இந்தச் சிறு சொற்கள் ஆங்கிலத்துக்கு ஆதியிலிருந்தே இவ்வளவு அதிகாரம் படைத்தவையாக இருந்தவை அல்ல என்பதை அறியும்போது, நமக்கு ஒருவகை ஆறுதல் கிடைக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் நம்முடையவற்றைப் போலவே ஈற்றில் வேற்றுமை உருபுகளை ஏற்று நின்றன. வடக்கிலிருந்து வந்து குடியேறிய டேனியர்களோடு நேர்ந்த சகவாசத்தாலும், பேச்சில் சொல்லின் ஈறுகள் தேய்ந்ததாலும், 1066-ல் நார்மானியர் நாட்டைக் கைப்பற்றிய பின் எழுத்து வழக்கின் கட்டுக்கோப்பு தளர்ந்ததாலும் அந்த உருபுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோயின. உதிர்ந்த உருபுகளின் உத்தியோகத்தை ஏற்கும்படி நிர்ப்பந்திக்கப்பட்டவையே இந்த முன்னிடைச்சொற்கள். அவையும் இடைக்காலத்தில் பொருள் மாறின. இன்று 'உடன்' என்று நாம் கற்பிக்கும் 'வித்' என்பது அந்தக் காலத்தில் 'எதிராக' என்று பொருள்பட்டது. எதிர்த்து நிற்பதைச் சொல்லும் 'வித்ஸ்டாண்ட்' என்னும் சொல்லிலும், ஒருவனோடு சண்டையிடுவதைச் சொல்லும் 'ஃபைட் வித்' என்னும் வழக்கிலும் அந்தப் பழம்பொருள் இன்னும் குடியிருக்கிறது. ஆகவே, இந்தச் சொல்லுக்கு இன்ன அர்த்தம் என்று அகராதியில் ஒன்றைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு, அதை எல்லா இடத்திலும் பிரயோகிக்க முற்படுகிறவன் ஏமாறுவது அவன் குற்றமல்ல.

எந்த வினை எந்தத் துணையை ஏற்கும் என்பது அந்த வினையின் ஸ்வபாவம். துணைச்சொல்லின் அர்த்தத்திலிருந்து அதை ஊகித்துவிட முடியாது. இந்த உண்மை தமிழ் இலக்கணத்துக்குப் புதியதும் அல்ல. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் ஒன்பது இயல்களில் மூன்றாவதற்கு வேற்றுமை மயங்கியல் என்று பெயர். ஒரு வேற்றுமைக்கு உரிய இடத்தில் இன்னொன்று வந்து நிற்பதும், ஒரே வினை இரண்டு வேற்றுமைகளை ஏற்பதும் அங்கே ஆராயப்படுகின்றன. அச்சப் பொருளைத் தரும் சொற்களுக்கு இரண்டாம் வேற்றுமையும் ஐந்தாம் வேற்றுமையும் ஒத்த உரிமை உடையன என்று அங்கே விதி இருக்கிறது. 'புலியை அஞ்சினான்' என்றாலும் 'புலியின் அஞ்சினான்' என்றாலும் சரியே. ஆனால் இன்று நாம் பேசும்போது 'புலிக்குப் பயந்தான்' என்கிறோம். அந்த இரண்டையும் விட்டுவிட்டு நான்காவதிடம் போய்விட்டோம். புலிக்கும் பயத்துக்கும் உள்ள சம்பந்தம் இடையிலே மாறிவிடவில்லை, வழக்குத்தான் மாறியது. அதே அச்சத்துக்கு ஆங்கிலம் 'ஆஃப்' என்னும் சொல்லைச் சேர்க்கிறது என்று கேட்டு ஏன் என்று வியப்பவர்கள், நம்முடைய 'கு' ஏன் என்றும் ஒருமுறை கேட்டுப் பார்த்தால் வியப்புக் குறையும்.

வளைகுடாவில் உத்தியோகம் பார்க்கும் தமிழர்களின் ஆங்கிலத்தை நான் பல வருஷங்களாகச் செவி கொடுத்துக் கேட்டு வந்ததில், இந்த இடத்தில் நேரும் பிழைகள் கண்டபடி சிதறியவை அல்ல என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். 'டிஸ்கஸ் அபவுட்' என்று ஒருவர் சொன்னால், அவருடைய வாக்கியத்துக்கு அடியில் 'அதைப் பற்றிப் பேசினோம்' என்னும் தமிழ் ஓடுகிறது; 'ரீச் டு' என்பதற்கு அடியில் 'ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன்' என்பதும், 'ஆங்ரி ஆன் மீ' என்பதற்கு அடியில் 'என்மேல் கோபம்' என்பதும், 'என்டர்டு இன்டு தி ரூம்' என்பதற்கு அடியில் 'அறைக்குள் நுழைந்தேன்' என்பதும் இருக்கின்றன. எங்கே தமிழ் 'கு' என்றும் 'பற்றி' என்றும் 'மேல்' என்றும் ஓர் உருபைச் சேர்க்கிறதோ அங்கே நாம் ஆங்கிலத்திலும் ஒன்றைச் சேர்த்துவிடுகிறோம். எங்கே தமிழ் வெறும் 'ஐ'யோடு நின்றுவிடுகிறதோ அங்கே ஆங்கிலத்துக்கு வேண்டியதையும் விட்டுவிடுகிறோம். 'பாட்டைக் கேட்டான்' என்று சொல்லிப் பழகியவன் 'லிசன்' என்பதற்குப் பின் 'டு' சேர்க்க மறப்பதும், 'சாவியைத் தேடினான்' என்று சொல்லிப் பழகியவன் 'லுக்' என்பதற்குப் பின் 'ஃபார்' சேர்க்க மறப்பதும் அதனால்தான். 'உனக்காகக் காத்திருக்கிறேன்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது 'வெயிட் ஃபார்' என்று பெரும்பாலோர் தவறாமல் சொல்கிறார்கள். ஏனென்றால் அங்கே இரண்டு பாஷைகளும் அதிருஷ்டவசமாக ஒத்துப்போகின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. அது கொஞ்சம் மறைவானது. 'டிஸ்கஷன்' என்னும் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் 'அபவுட்' வரலாம். 'ரிக்வெஸ்ட்' என்பதும் 'ஆர்டர்' என்பதும் பெயராக நிற்கும்போது 'ஃபார்' வரும். அவையே வினையாகும்போது துணையை உதறிவிட்டு நேராகச் செயப்படுபொருளைப் பிடித்துக்கொள்கின்றன. பெயராக இருக்கையில் கேட்டுப் பழகிய துணையை வினைக்கும் சேர்த்துவிடுவது இயல்பு. இதனாலேயே இந்தியாவில் மட்டுமல்லாமல், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஆப்பிரிக்க தேசங்களிலும் 'டிஸ்கஸ் அபவுட்' கேட்கிறது. இந்த வகைப் பிழையால் ஒருவருக்கும் ஒரு தீங்கும் வருவதில்லை என்பதும், பேச்சில் அதைத் திருத்தி ஒரு மனிதனைக் கூச வைப்பது அவசியமற்றது என்பதும் என் அபிப்பிராயம். அர்த்தத்தைத் திருப்பிவிடும் பிழைகள் வேறு ரகத்தைச் சேர்ந்தவை. கவனம் முழுவதையும் அங்கேதான் செலவிட வேண்டும்.

அர்த்தத்தைத் திருப்புவதற்கு ஆங்கிலத்தைவிடக் கூர்மையான உதாரணம் எங்கள் மாடிப்படியிலேயே எனக்குக் கிடைத்தது. கீழ்த்தளத்தில் குடியிருக்கும் அரபி ஆசிரியர் ஒருவர், நான் இந்த விஷயத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தம்முடைய பாஷையில் 'ரகிப' என்னும் வினைக்கு 'ஃபீ' என்னும் துணை சேர்ந்தால் விரும்புதல் என்றும், 'அன்' என்னும் துணை சேர்ந்தால் வெறுத்து ஒதுக்குதல் என்றும் பொருள் என்று எடுத்துக் காட்டினார். வினை ஒன்றே, துணை மாறியதும் ஆசை வெறுப்பாகிவிடுகிறது. நாம் 'துஆ' என்று அறிந்திருக்கும் பிரார்த்தனைக்கு மூலமான வினையும் அப்படியே: 'லி' சேர்ந்தால் ஒருவனுக்காக வேண்டுதல், 'அலா' சேர்ந்தால் ஒருவனைச் சபித்தல். இப்படிப்பட்ட பாஷையைப் பேசுகிறவர்களிடையே வாழ்ந்துகொண்டு, சிறு சொல்தானே என்று அலட்சியம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அதே 'ஃபீ' என்னும் சொல்லுக்கு வளைகுடாவின் பட்டறைகளிலும் கடைகளிலும் வேறொரு வாழ்வு நேர்ந்திருக்கிறது. இலக்கண அரபியில் 'உள்ளே' என்று பொருள்படும் முன்னிடைச்சொல் அது. பேச்சு அரபியில் 'இருக்கிறது' என்றும் வழங்குகிறது. பல தேசத்துத் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளும் அரபிகளோடும் பேசிக்கொள்ள உண்டாக்கிய கலப்பு அரபியிலோ, அது 'உண்டு' என்றும், வினைக்கு முன் நின்று அந்தக் காரியம் நடக்கிறது என்று காட்டும் துணைவினையாகவும் பதவி உயர்வு பெற்றுவிட்டது. அதன் எதிர்மறையான 'மாஃபி'யை அறியாத தமிழன் வளைகுடாவில் இருக்க முடியாது. இந்தக் கலப்பு மொழியை ஜே. ஆர். ஸ்மார்ட் என்னும் அறிஞர் 1990-ல் முதன்முதலாக ஆராய்ந்து எழுதினார். ஒரு முன்னிடைச்சொல் உழைப்பாளிகளின் வாயில் வினையின் ஸ்தானத்துக்கு ஏறியிருப்பது, வினையும் துணையும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கிய உறவு என்பதைக் கண்முன் காட்டுகிறது. அருகில் வசிக்கும் பிலிப்பைன்ஸ் தேசத்தவரின் தகாலோகில் 'சா' என்னும் ஒரே சொல் 'இன்', 'ஆன்', 'அட்', 'டு' எல்லாவற்றுக்கும் போதுமாக இருப்பதால், நாம் 'இல்' என்பதோடு வந்து தடுமாறும் அதே வாசலில் அவர்களும் வேறு வழியாக வந்து தடுமாறுகிறார்கள்.

ஆங்கிலத்தில் வினையும் துணையும் இப்படிக் கலந்து ஒரே சொல்லாகிவிடுவதை 'ஃப்ரேசல் வெர்ப்' என்கிறார்கள். 1755-ல் தம்முடைய பெரும் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், ஒரு சிறு சொல் சேர்வதால் பொருள் மாறும் வினைகளே அந்நியர்களுக்கு மிகுந்த சிரமம் தருபவை என்பதை உணர்ந்து அதன் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார்; இந்தப் பெயரோ, 1925-ல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூலில்தான் முதன்முதலாக அச்சேறியது. 'லுக்' என்பது பார்த்தல்; 'ஆஃப்டர்' என்பது பின்னால்; இரண்டும் சேர்ந்தால் பராமரித்தல். 'புட்' என்பது வைத்தல். 'ஆஃப்' சேர்ந்தால் ஒத்திவைத்தல், 'ஆன்' சேர்ந்தால் அணிதல், 'அவுட்' சேர்ந்தால் நெருப்பை அணைத்தல், 'அப் வித்' சேர்ந்தால் பொறுத்துக்கொள்ளுதல். இவற்றைக் கேட்டு நம் பிள்ளைகள் மலைக்கிறார்கள். ஆனால் நம் பாஷையையும் ஒரு கணம் திரும்பிப் பார்க்க வேண்டும். 'பார்' என்பதோடு 'கொள்' சேர்ந்து 'பார்த்துக்கொள்' ஆனதும் நமக்கும் அது பராமரித்தலாகிவிடவில்லையா? 'போடு' என்னும் வினைதான் 'தள்ளிப்போடு' என்பதில் நாளைக் கடத்துகிறது. 'விடு' என்பதுதான் 'கைவிடு' என்பதில் துறக்கிறது. ஆங்கிலம் வினைக்குப் பின் ஒரு சிறு திசைச்சொல்லை வைத்துச் செய்வதை, தமிழ் வினைக்குப் பின் இன்னொரு வினையை வைத்துச் செய்கிறது. ஒரு வெள்ளைக்காரர் தமிழ் கற்கும்போது 'சொல்லிப்பார்', 'சொல்லிவிடு', 'சொல்லிவை', 'சொல்லிக்கொடு' என்னும் நான்குக்கும் முன்னால் படும் பாட்டை நினைத்துக்கொண்டால், 'லுக்' என்பதன் பத்து வடிவங்களும் நம்மை அவ்வளவாகப் பயமுறுத்தமாட்டா.

குசைஸின் மேற்கே துபாய் சர்வதேச விமான நிலையம் இருப்பதால், இரவும் பகலும் ஆகாய விமானங்களின் ஓசை எங்கள் சம்பாஷணைகளுக்கு நடுவே வந்து போகும். அதைக் கேட்கும்போதெல்லாம் ஒரு முன்னிடைச்சொல்லின் கதை எனக்கு நினைவுக்கு வருகிறது. 1977 மார்ச் 27-ஆம் தேதி, ஸ்பெயின் தேசத்துக்குச் சொந்தமான டெனரீஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில், கடும் மூடுபனியில், கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747 விமானம் ஓடுபாதையில் விரைந்து ஓடத் தொடங்கியபோது, அதே பாதையில் எதிரே பான் அமெரிக்கன் நிறுவனத்தின் இன்னொரு 747 நகர்ந்து வந்துகொண்டிருந்தது. டச்சுக்காரரான துணை விமானி கட்டுப்பாட்டு அறைக்கு, 'வீ ஆர் நௌ அட் டேக்-ஆஃப்' என்று அறிவித்ததாகப் பதிவில் இருக்கிறது. புறப்பட்டு ஓடிக்கொண்டிருக்கிறோம் என்பது அவர் கருத்து. புறப்பட வேண்டிய இடத்தில் வந்து நிற்கிறோம் என்று அந்த வாக்கியத்தைப் புரிந்துகொண்ட கட்டுப்பாட்டு அதிகாரி, அழைப்புக்குக் காத்திருக்கும்படி பதில் சொன்னார்; அந்தப் பதிலின் முக்கியமான பகுதி, அதே வேளையில் எழுந்த இன்னொரு வானொலிச் செய்தியோடு மோதிக் கரகரப்பில் மறைந்துபோனது. இரண்டு விமானங்களும் மோதியதில் 583 பேர் மாண்டார்கள். டச்சு மொழியில் ஒரு காரியம் நடந்துகொண்டிருப்பதைக் குறிக்க 'அட்' என்பதற்கு நிகரான சொல்லை வினையின் முன் வைக்கும் வழக்கம் உண்டு என்றும், அவசரத்தில் அந்த வழக்கம் ஆங்கிலத்துக்குள் புகுந்துவிட்டது என்றும் மொழியியலாளர் ஸ்டீவன் குஷிங் 1994-ல் வெளியிட்ட நூலில் விளக்கினார். மூடுபனி, கேப்டனின் அவசரம், வானொலியின் மோதல் என்று காரணங்கள் பல சேர்ந்தே அந்தப் பேரழிவு நேர்ந்தது. ஒரு சொல்லின்மேல் மட்டும் பழியைப் போடுவது நியாயமாகாது. ஆயினும் அந்த விபத்துக்குப் பிறகு, உண்மையாகவே புறப்பட அனுமதி கொடுக்கும் போதும் அதை ரத்துச் செய்யும் போதும் தவிர வேறெங்கும் 'டேக்-ஆஃப்' என்னும் சொல்லை உச்சரிக்கக் கூடாது, 'டிபார்ச்சர்' என்றே சொல்ல வேண்டும் என்று விமான உலகம் விதி செய்துகொண்டது. 'புறப்பாட்டில் இருக்கிறோம்' என்று தமிழில் சொன்னாலும் இதே சந்தேகம் எழத்தான் செய்யும் என்பதை எண்ணும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இவற்றையெல்லாம் எப்படிக் கற்பது? நான் தமிழ்நாட்டில் படித்த காலத்தில் ரென், மார்ட்டின் என்னும் இருவர் எழுதிய இலக்கணப் புத்தகத்தில், இன்ன சொல்லுக்கு இன்ன முன்னிடைச்சொல் என்று அகர வரிசையில் நீண்ட ஜாபிதா ஒன்று இருந்தது. அதை வரிசையாக ஒப்பித்தோம். பரீட்சை முடிந்த மறுவாரம் மறந்தோம். அந்தப் புத்தகத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வாக்கியத்திலிருந்து பிடுங்கி எடுத்த சொல்லிணை, தண்ணீரிலிருந்து எடுத்த மீனைப் போல நெடுநேரம் உயிரோடு இருப்பதில்லை. இதை நன்றாக உணர்ந்தவர் ஏ. எஸ். ஹார்ன்பி. 1924-ல் ஜப்பானுக்கு ஆசிரியராகச் சென்ற அவர், அந்த நாட்டு மாணவர்கள் ஆங்கிலச் சொற்களின் அர்த்தத்தை அறிந்திருந்தும் வாக்கியம் அமைக்கத் தெரியாமல் தவிப்பதைக் கண்டு, ஒவ்வொரு வினையும் எந்த அமைப்பில் நிற்கும் என்பதை 25 வார்ப்புகளாக வகுத்து, இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஓர் அகராதி செய்தார். அது 1942-ல், போரின் நடுவே, டோக்கியோவில் அச்சாகி, 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாக மறுபடி வெளிவந்து, இன்றும் மாணவர்கள் புரட்டும் ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதியாக வளர்ந்திருக்கிறது. அர்த்தத்தைச் சொல்லிவிட்டு நிற்காமல், அந்த வினை யாரோடு சேர்ந்து நடக்கும் என்பதையும் சொன்ன அகராதி அது. மதராஸ் ராஜ்யத்திலும் 1950-களில் இதே நோக்கத்தோடு வாக்கிய அமைப்புகளை முன்வைத்த பாடத்திட்டம் வந்தது. ஆசிரியர்களுக்கெல்லாம் அதில் பயிற்சி கொடுக்கப் பெருமுயற்சி நடந்தும், கிராமத்துப் பள்ளிகளை எட்டுவதற்குள் அந்த வார்ப்புகளும் ஒப்பிக்கும் ஜாபிதாவாகவே உருமாறிவிட்டன என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

மன்னார்குடி இளைஞனிடம் நான் ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கச் சொன்னேன். ஜாபிதா வேண்டாம், தான் அன்றாடம் கையாளும் காகிதங்களிலிருந்தே ஒவ்வொரு வினையையும் அதன் துணையோடும், துணையைத் தொடர்ந்து வரும் பெயரோடும் முழுசாக எழுதிக்கொள்ளும்படி சொன்னேன். 'அப்ளை' என்று தனியாக எழுதாமல், கம்பெனிக்கு விண்ணப்பிக்கும்போது 'டு', லீவுக்கு விண்ணப்பிக்கும்போது 'ஃபார்' என்று இரண்டும் அடங்கிய ஒரே வாக்கியமாக எழுதினான். 'சம்பளத்திலிருந்து' என்பதற்கு 'டிடக்ட் ஃப்ரம்' என்றும், 'சம்பளம் போக அதிகப்படியாக' என்பதற்கு 'இன் அடிஷன் டு' என்றும் தன்னுடைய ஒப்பந்தத்தைப் பார்த்தே எடுத்து எழுதினான். கிடங்கின் சுவரில் தொங்கும் எச்சரிக்கைப் பலகைகளையும் அவன் விடவில்லை: 'கீப் அவுட்' என்றால் அந்த அறைக்குள் வராதே, 'கீப் ஆஃப்' என்றால் அதன்மேல் ஏறாதே, 'கீப் கிளியர் ஆஃப்' என்றால் ஃபோர்க்லிஃப்ட் திரும்பும் வட்டத்தை விட்டு விலகி நில். மூன்று பலகைகளையும் 'ஜாக்கிரதை' என்னும் ஒரே அர்த்தத்தில் இத்தனை நாளும் வாசித்துவந்ததாக அவன் சொன்னபோது எனக்குத் துணுக்கென்றது.

ஒப்பந்தக் காகிதத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அமீரகத்தில் 2016-ஆம் ஆண்டு முதல், வேலைக்கு எடுக்கப்படுகிறவருக்குக் கொடுக்கும் வேலை வாக்குறுதிப் படிவத்தை அரபியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமல்லாமல் அவருக்குப் புரியும் மொழியிலும் காட்ட வேண்டும் என்னும் ஏற்பாடு இருக்கிறது. அதற்கென வகுத்த பதினொரு மொழிகளில் தமிழும் ஒன்று. 2022 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தொழிலாளர் சட்டப்படி ஓராண்டு பணி செய்தவருக்கு வருஷத்துக்கு முப்பது நாள் விடுமுறை உரித்து என்பதை, அந்தப் படிவத்தைத் தமிழில் வாசித்த பிறகு ஆங்கிலப் பக்கத்தில் 'என்டைட்டில்டு டு' எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கலாம். தெரிந்த அர்த்தத்திலிருந்து தெரியாத அமைப்புக்குச் செல்லும் இந்த வழி, எந்த வகுப்பறையும் கொடுக்காத நல்ல பாடம். பெரும்பாலோர் தமிழ்ப் பக்கத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

பெட்டிகள் சமாசாரம் பத்து நாளில் முடிந்தது. 'ரெஸ்பான்சிபிள் ஃபார் ட்ரேஸிங்' என்று திருத்தி எழுதிய இரண்டாவது கடிதத்தோடு, வண்டிச் சீட்டுகளையும் அவன் எடுத்துக்கொண்டு போய்க் காட்டியதில், அந்தப் பன்னிரண்டும் வேறொரு கிளைக்கு இறங்கியிருந்தது தெரியவந்தது. சம்பளத்தில் கை வைக்கவில்லை. ஆவணியில் அவனுக்குக் கலியாணம் என்று, அதன் பின்னால் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, லீவுக் கடிதத்தைக் கொண்டுவந்தான். 'கெட்டிங் மேரீட் வித்' என்று எழுதியிருந்தான். 'வித்' என்பதை அடித்து 'டு' என்று போட்டேன்.

"இதுக்கு ஏண்ணே 'டு'? ரெண்டு பேரும் சேர்ந்துதானே வாழப் போறோம், 'வித்'துதானே பொருத்தம்?" என்றான்.

"உங்க ஊர்ல பொண்ணு வீட்டுக்காரங்க எப்படிச் சொல்வாங்க தம்பி? 'மன்னார்குடிப் பையனோட வாழ்க்கைப்பட்டா'ன்னா, 'பையனுக்கு வாழ்க்கைப்பட்டா'ன்னா?"

கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு நோட்டை எடுத்து, 'மேரீட் டு' என்று எழுதி, அதற்கு எதிரே தமிழில் 'அவளுக்கு' என்று எழுதப் போனவன், 'கு' என்னும் எழுத்தை மட்டும் எழுதி அடிக்கோடிட்டு மூடிவைத்தான்.